ஸ்டோரிலிருந்து நீக்கிய செயலியை டிவி பெட்டியில் மறுபடி ஏற்றுவது எப்படி?

பெட்டித் தயாரிப்பாளருக்கும் வீடியோ நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் முறிந்து, போன வாரம் செயலியை ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஓடுகிறது. ஃபேக்டரி ரீசெட் செய்த பெட்டியில் திரும்ப ஏற்ற முடியவில்லை. சந்தா கட்டியவர்களை நடுவில் நசுக்குவது அநியாயம்.

பெட்டி: ஆண்ட்ராய்டு டிவி 9, 2 ஜிபி ரேம், வைட்வைன் (வீடியோவை நகலெடுக்காமல் காக்கும் பூட்டு) எல்1, அதாவது அதன் உயர்ந்த நிலை.

வெளியிலிருந்து எடுத்த டிவி ஏபிகே (செயலியை நிறுவும் கோப்பு), ‘இந்தச் சாதனத்துக்கு ஆதரவில்லை’ என்று நின்றுவிடுகிறது. மொபைல் ஏபிகே திறக்கிறது, ஆனால் 480பி தாண்டவில்லை, ரிமோட்டுக்கும் அசையவில்லை. பிரவுசரில் எல்3 (வைட்வைனின் தாழ்ந்த நிலை) மட்டுமே, அதிலும் 480பிதான். 2021-ல் டிவி பெட்டி நிறுவனமான ரோகுவுக்கும் கூகுளுக்கும் நடந்த மோதலில் யூடியூப் டிவி செயலி ரோகு ஸ்டோரிலிருந்து போனபோது, யூடியூப் செயலிக்குள்ளேயே யூடியூப் டிவியைத் திறக்க வழி வைத்தார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை.

ரீசெட் ஆகாத இதே மாடல் பெட்டியிலிருந்து ஏடிபி (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு சாதனத்துக்குக் கட்டளையிடும் கருவி) மூலம் ஏபிகேயை, ஸ்பிளிட் கோப்புகளோடு (செயலியின் தனித்தனிப் பகுதிகள்) எடுத்து ஏற்றினால் எச்டி தரம் கிடைக்குமா?