குடும்பக் கட்டுப்பாட்டை ஆண்களிடமும் கொண்டுபோக வழி சொல்லுங்கள்

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கமுங்க. அவிநாசி பக்கத்துக் கிராமங்களில் குடும்பக் கட்டுப்பாடு பற்றி எடுத்துச் சொல்ல ஒரு சிறு முயற்சி எடுக்கிறோம். உங்கள் உதவி வேண்டும்.

அரசு இந்தத் திட்டத்தை 1952லேயே தொடங்கியது. ஆனாலும் இங்கே பேச்செல்லாம் பெண்களோடு நின்றுவிடுகிறது. சுகாதார நிலையத்தில் நோட்டீஸ் ஒட்டுவது தடுப்பூசி போடும் அறைச் சுவரில். அங்கே எந்த ஆண் போய் நின்று படிப்பார்? தழும்பில்லாத ஆண் கருத்தடை அறுவைச் சிகிச்சை சில நிமிட வேலைதான், தையல்கூடக் கிடையாது. "அப்புறம் பாரம் தூக்க முடியாதுங்களாமா" என்று தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் கேட்டார். சில நாள் ஓய்வுக்குப் பிறகு தாராளமாகத் தூக்கலாம். முதல் 3 மாதம் வேறு பாதுகாப்பு தேவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அடுத்த குழந்தைக்கு இடைவெளி விட நினைப்பவர்களுக்கு, பெண்களுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி, கருப்பையில் வைக்கும் காப்பர் டி எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். இதுவும் பலருக்குத் தெரியவில்லை.

பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில் நடத்துகிறவர்கள் சம்பள நாளில் கொஞ்ச நேரம் பேச அனுமதிப்பீர்களா? வடமாநிலத் தொழிலாளர்களுக்காக நோட்டீஸை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதித் தர ஆள் வேண்டும். முக்கியமாக, ஆண் கருத்தடைச் சிகிச்சை செய்துகொண்டவர் யாராவது மற்ற ஆண்களிடம் பேச முன்வந்தால் பெரிய உதவி. பெயரை வெளியே சொல்ல மாட்டோம், தனிச்செய்தியில் சொன்னால் போதுமுங்க.