புதுப்பிப்பு: குடிமையியலையும் கதை எழுதுறதையும் சேர்த்து நடத்துனது

ஆறாம் வகுப்புக்கு உள்ளாட்சி பாடத்தையும் கதை அமைப்பையும் ஒண்ணா நடத்த முடியுமான்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல, நடத்தியாச்சு. தெருக்குழாய்ல தண்ணி வரல, இதை வச்சு கதை எழுதுங்கன்னேன். முதல் ரவுண்டுல பாதி பேர் கதையில மூணாவது வரியிலயே கலெக்டர் கார்ல வந்து இறங்கி எல்லாத்தையும் சரி பண்ணிட்டு போயிட்டாரு, சிக்கலும் இல்ல திருப்பமும் இல்ல. அதனால ரெண்டாவது ரவுண்டுல கலெக்டருக்கு தடா, கிராம சபை வழியாத்தான் முடிவு வரணும்னு கண்டிஷன் போட்டேன்.

அப்புறம்தான் சூடு பிடிச்சுது. ஏன்னா சட்டத்துலயே கதைக்கு வேண்டிய முட்டுக்கட்டை எல்லாம் ரெடியா இருக்கு: வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கறவங்கதான் சபை உறுப்பினர், 501லேர்ந்து 3000 பேர் இருக்கற ஊர்னா குறைஞ்சது 100 பேர் வந்தாத்தான் கூட்டம் செல்லும். ஒரு பொண்ணு எழுதுன கதையில 11 வயசு நாயகிக்கு ஓட்டு இல்ல, அக்டோபர் 2 கூட்டத்துல 99 பேர்தான் இருக்காங்க, அவ ஓடிப்போய் நூறுநாள் வேலை அட்டையைத் தேடிட்டிருக்கற பாட்டிய "அப்புறம் தேடு ஆத்தா"ன்னு இழுத்துட்டு வரா. கோரம், அதாவது கூட்டம் செல்ல குறைஞ்சது இத்தனை பேர் வரணும்ங்கிறத நான் போர்டுல எழுதியிருந்தா இவ்ளோ பதிஞ்சிருக்குமான்னு தெரியல.

மார்க் போடுறது பத்தி கேட்டவங்களுக்கு: கதைக்கு தனியா, விதி சரியா வந்திருக்கான்னு தனியா போடுங்க, சேர்த்து போட்டா நல்லா எழுதுற புள்ளைங்க தப்பான விதியோட தப்பிச்சிடும்.

அடுத்து ஏழாம் வகுப்பு, மாநில அரசு பாடம், மசோதாதான் ஹீரோ. ஆளுநர் கையெழுத்துதான் சார் க்ளைமாக்ஸ்னு ஒருத்தன் இப்பவே சொல்லிட்டான்.