அயனிச் சமநிலைப் பாடமும் எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணறும்

பிளஸ் டூ வேதியியல் பாடம் தங்கள் வாழ்க்கையோடு எங்கே வந்து தொட்டது என்று பலரும் இங்கே எழுதி வருகிறீர்கள். நான் தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். எனக்கு அந்தத் தொடுகை நிகழ்ந்தது 12ஆம் வகுப்பின் எட்டாவது பாடமான அயனிச் சமநிலையில்.

அந்தப் பாடத்தின் இறுதிப் பகுதியில் கரைதிறன் பெருக்கம் வருகிறது; ஓர் உப்பு நீரில் எந்த அளவு வரை கரையும் என்று கணக்கிட உதவும் மாறிலி அது. தேர்வில் அதிலிருந்து கணக்கு ஒன்று உறுதியாக வரும் என்பதால் எல்லோரும் சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். எங்கள் வேதியியல் ஆசிரியர் கால்சியம் ஃபுளூரைடை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டு, கணக்கைத் தொடங்கும் முன்பு, வீட்டில் சமையலுக்குப் பயன்படுத்தும் தண்ணீரை ஆளுக்கொரு பாட்டிலில் கொண்டுவரச் சொன்னார். ஊராட்சிகளுக்குக் கொடுக்கப்படும் களப் பரிசோதனைப் பெட்டி ஒன்றையும் அவர் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

எங்கள் தெருவில் இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் உண்டு. ஒன்றின் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதை யாரும் மதிப்பதில்லை. மற்றொன்றில் நுரை பொங்கும், துவரம்பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீர் 2013 முதல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வரத் தொடங்கிய பிறகும், பருப்புக்கு அந்தக் கிணற்று நீர்தான் வேண்டும் என்று எங்கள் ஆயா பிடிவாதமாக இருந்தார். நான் இரண்டு கிணற்று நீரையும் தனித்தனியாகக் கொண்டுபோயிருந்தேன்.

நீரில் ஃபுளூரைடு இருப்பதை நிறமாற்றத்தால் காட்டும் இளஞ்சிவப்புச் சாயமான சிர்கோனியம் அலிசரின் கரைசலைச் சோதனைக் குழாயில் சேர்த்தபோது, ஒருவரும் மதிக்காத கிணற்று நீர் ஏறக்குறைய இளஞ்சிவப்பாகவே நின்றது. ஆயாவின் கிணற்று நீரோ எங்கள் கண்ணெதிரே வெளுத்து, ஆரஞ்சைக் கடந்து மஞ்சளுக்கு வந்துவிட்டது. ஃபுளூரைடு அயனி சிர்கோனியத்தைத் தன்னோடு பிணைத்து அணைவை (உலோக அயனியைச் சுற்றி மற்ற அயனிகள் பிணைந்த அமைப்பை) உண்டாக்கிக்கொள்வதால் சாயம் தனித்துவிடப்பட்டு நிறம் மாறுகிறது என்று ஆசிரியர் விளக்கினார். அணைவு வேதியியல் பாடத்தை அதுவரை நான் வெறும் பெயரிடும் விதிகளாகவே படித்திருந்தேன்.

பிறகுதான் அவர் கரும்பலகைக்குப் போனார். தூய நீரில் கால்சியம் ஃபுளூரைடு கரைந்தால் ஃபுளூரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் வரை போக முடியும். அதே நீரில் கால்சியம் ஏற்கெனவே 100 மில்லிகிராம் இருந்தால், பொது அயனி விளைவால், அதாவது உப்பில் உள்ள அயனி ஒன்று நீரில் ஏற்கெனவே இருப்பதால் கரைதிறன் குறைவதால், ஃபுளூரைடு 2 மில்லிகிராமைச் சற்றே தாண்டும் அளவில் நின்றுவிடும். கால்சியம் 20 மில்லிகிராமாகக் குறைந்தால் அது 5 வரை ஏற இடம் உண்டு. குடிநீரில் இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் ஃபுளூரைடு அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம்; வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை அனுமதிக்கப்படுகிறது. நம் பக்கத்துக் கடினப் பாறைகளில் உள்ள ஃபுளூரைட் (கால்சியம் ஃபுளூரைடாலான கனிமம்), அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு நீருக்கு வருகிறது. சோடியம் பைகார்பனேட் மிகுந்த, கால்சியம் குறைந்த, ஆயாவின் கிணற்று நீர் போன்ற மென்னீரில் அதை வீழ்படிவாக்கிக் கட்டுப்படுத்தப் போதிய கால்சியம் இருப்பதில்லை. பருப்பைச் சீக்கிரம் வேகவைத்த அதே பைகார்பனேட்தான் ஃபுளூரைடுக்கும் வழிவிட்டிருக்கிறது. இதனால் கடின நீரெல்லாம் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும், கால்சியம் ஓர் உச்ச வரம்பை மட்டுமே விதிக்கிறது என்பதையும் அவர் அன்றே அழுத்திச் சொன்னார்.

என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் முன்பற்களில் காவி நிறக் கோடுகள் உண்டு. சேலத்திலிருந்து திருமணமாகி இங்கே வந்த அம்மாவுக்கு இல்லை. ஒரே தண்ணீரைக் குடித்தும் ஏன் இந்த வேறுபாடு என்று வகுப்பில் கேட்டேன். பல்லின் எனாமல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் மிகையான ஃபுளூரைடு உடலுக்குள் போனால்தான் அந்தக் கறை வரும். வளர்ந்தபின் வந்தவர்களுக்குப் பல்லில் தெரியாது, ஆனால் நெடுங்காலம் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படலாம் என்றார். எனக்கு அந்தப் பதில் பயத்தையும் ஒருவகைத் தெளிவையும் சேர்த்தே தந்தது.

வீட்டில் சொன்னபோது ஆயா, "காய்ச்சிக் குடிச்சா சரியாப் போயிடும் கண்ணு" என்றார். காய்ச்சினால் நீர்தான் ஆவியாகும், ஃபுளூரைடு அப்படியே தங்கி அதன் செறிவு கூடத்தான் செய்யும் என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்குச் சில நாட்கள் பிடித்தன. மஞ்சளாக மாறிய அந்தக் குழாயைக் காட்ட முடிந்திருந்தால் ஒரே நிமிடத்தில் ஒப்புக்கொண்டிருப்பார். இப்போது எங்கள் வீட்டில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் காவிரி நீர்தான். ஆயாவின் கிணறு துணி துவைக்க மட்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேதியியல் நடத்தும் ஆசிரியர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வுக்காக உப்புப் பகுப்பாய்வையும் பருமனறி பகுப்பாய்வையும் எப்படியும் செய்யவைக்கிறீர்கள். அவற்றோடு ஒரு பிற்பகலை ஊர்த் தண்ணீருக்கும் ஒதுக்குங்கள். மாணவர்கள் கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் அதே கிணற்று நீரைக் கொண்டுவந்தால், இரண்டு நிறங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.