ஓய்வுக்காலத் திட்டமிடல்: சி.எஃப்.பி முதலா, ஆர்.ஐ.சி.பி முதலா?

மூன்றாம் வருஷம்:
அமெரிக்காவில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன். முதலீட்டு ஆலோசகர்களுக்கான சீரீஸ் 65 தேர்வை முடித்தாகிவிட்டது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் 60-ஐத் தொட்டவர்கள். போன வாரம் ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மா கோடு போட்ட நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "மார்ச்சோடு வேலையை விடுகிறேன். ஏப்ரல் மாதச் செலவுக்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும்?" பணம் சேர்ப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். இதற்கு வாய் வரவில்லை. அவர் பேனாவை மூடி வைத்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முறையாகப் படிக்க வேண்டும். எதில் தொடங்கலாம், பொதுவான நிதித் திட்டமிடலுக்கான சி.எஃப்.பி சான்றிதழிலா, ஓய்வுக்கால வருமானத்துக்கான ஆர்.ஐ.சி.பி-யிலா?

நிதானம்:
சி.எஃப்.பி-தான். வரி, காப்பீடு, முதலீடு, உயில் எல்லாம் அதில் வந்துவிடும். 170 கேள்விகள், மூன்று மணி நேரப் பகுதிகள் இரண்டு. பட்டப்படிப்போடு 6,000 மணி நேர அனுபவமும் கேட்பார்கள். மூன்று வருஷம் முழுநேரம் என்றால் உங்களுக்குக் கிட்டத்தட்ட வந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:
அடித்தளத்துக்கு சி.எஃப்.பி சரி. ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்கு அது மட்டும் போதாது. அனுபவித்துச் சொல்கிறேன்.

63 வயதுக்காரர் ஒருவர். அந்த வருஷம் வருமான வரி விகிதம் குறைவு என்பதால், ஐ.ஆர்.ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து பெரிய தொகையை, இப்போதே வரி கட்டிவிட்டுப் பிறகு வரியில்லாமல் எடுக்கும் ராத் கணக்குக்கு மாற்றச் சொன்னேன். வரிக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. 65-ல் அவர் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேர்ந்தார்; பிரீமியம் கூடுதலாக வந்தது. மெடிகேர் பார்ப்பது இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருமானத்தை; ராத்துக்கு மாற்றிய தொகையும் அதில் வருமானம்தான்! கடிதத்தை மேசையில் விரித்து, தொகைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். வேலை நின்றுபோனது, துணை இறந்தது போன்ற காரணங்களுக்கு முறையிடலாம். ராத் மாற்றம் அதில் சேராது. தவறு என்னுடையது.

அதற்கப்புறம்தான் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபைனான்ஷியல் சர்வீசஸ் நடத்தும் ஆர்.ஐ.சி.பி-யில் சேர்ந்தேன். பணத்தை எடுக்கும் காலம்தான் அதன் முழு வேலை. அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியை 62-க்கும் 70-க்கும் நடுவில் எப்போது தொடங்குவது, ஓய்வின் முதல் சில வருஷங்களில் சந்தை விழுந்தால் எதைத் தொடக்கூடாது, நீண்டகாலப் பராமரிப்புக்கு எப்படி ஒதுக்குவது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லித் தருவார்கள். சி.ஆர்.பி.சி என்ற ஓய்வுக்காலத் திட்டமிடல் சான்றிதழ் இதைவிடச் சிறிய படிப்பு, தொடக்கத்துக்கு நல்லது.

மகள்:
நான் ஆலோசகர் இல்லை, அப்பாவுக்காக ஒருவரைத் தேடியவள். பெயருக்குப் பின்னால் எழுத்துகள் வரிசையாக இருந்தால் பங்குத் தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பின் பட்டியலில் தேடிப் பார்ப்பேன். யார் தருகிறார்கள், தேர்வு உண்டா, புகார் சொல்ல வழி உண்டா என்று அதில் இருக்கும். ஃபின்ரா எந்தப் பட்டத்துக்கும் அங்கீகாரம் தருவதில்லை, அதையும் மனதில் வையுங்கள். 'முதியோர் நிபுணர்' என்ற பாணியில் பட்டம் போட்டு ஏமாற்றுவதைத் தடுக்க மாநில முதலீட்டுக் கட்டுப்பாட்டாளர்களின் அமைப்பான என்.ஏ.எஸ்.ஏ.ஏ 2008-லேயே மாதிரி விதி கொண்டுவந்தது. எங்கள் குடும்பத்துக்கு முக்கியமாகப் பட்டது, சி.எஃப்.பி வைத்திருப்பவர் ஆலோசனை தரும்போது வாடிக்கையாளரின் நலனை முன்னால் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம்.

மூன்றாம் வருஷம்:
நன்றி. கணக்குப்பிள்ளை, அந்தக் கடிதக் கதையைப் படித்ததும் என் கோப்புகளில் 63-ஐ நெருங்குகிறவர்களைத் தேடினேன், நான்கு பேர். ஆர்.ஐ.சி.பி-யின் முதல் பாடத்தில் இந்த மாதமே சேர்கிறேன், சி.எஃப்.பி அதற்கு அடுத்து. அந்த அம்மாவிடம் திங்கட்கிழமை நேரம் கேட்டிருக்கிறேன். ஏப்ரலிலிருந்து மாதவாரியாக எந்தக் கணக்கு, எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டு போகிறேன்.