ஆப்ரவாசி காட் (மொரீஷியஸ்): போறவங்களுக்கும், அங்கிருந்து வேர் தேடி வடசென்னை வர்றவங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கும் (சொல்றவங்க வடசென்னைக்காரங்க, பேருக்குப் பதிலா அவங்கவங்க ஏரியா)

கல்மண்டபம்:
ஆப்ரவாசி காட், மொரீஷியஸின் போர்ட் லூயியில் ஒப்பந்தக் கூலிகளைக் கரையிறக்கிய இடம். இடம் சின்னது, முதலில் இதை மனதில் வையுங்கள். 1834-லிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் என்றதும், பிரம்மாண்டமாக எதையோ எதிர்பார்த்துப் போய், கருங்கல் சுவரைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் வெளியே வருகிறார்கள். மொத்தமே 1,640 சதுர மீட்டர்தான். பழைய வளாகத்தில் பெரும்பகுதி இப்போது இல்லை. அதனால் முதலில் விளக்க மையம் (கட்டணம் கிடையாது), பிறகு இடிபாடு. மாற்றிப் போனால் எது மருத்துவமனை, எது சமையற்கட்டு என்றே பிடிபடாது. கடலிலிருந்து ஏறிவந்த கற்படிகளைக் கடைசியில் பாருங்கள். தோட்டத்துக்குப் பிரித்து அனுப்பும் முன் இங்கே இரண்டு நாள் போலத்தான் தங்கவைத்தார்கள். நவம்பர் 2 அங்கே அரசு விடுமுறை, விழா நடக்கும். நிதானமாகப் பார்க்க வேறு நாள் வையுங்கள்.

பழைய வண்ணை:
அண்ணே, ஒண்ணு சேர்த்துக்கிறேன். முன்னோர் பதிவேடு ஆப்ரவாசி காட்ல இல்லை. மொரீஷியஸ்லயே மோக்காங்கிற ஊர்ல இருக்கிற மகாத்மா காந்தி நிறுவனத்துல இருக்கு. முன்கூட்டியே எழுதிக் கேட்டுட்டுப் போங்க. பேரை மட்டும் கொடுத்தா முனுசாமி, வீராசாமின்னு ஒரு கூட்டமே வரும். தேவை, வந்தவருக்குக் கொடுத்த குடியேற்ற நம்பர். அதுக்குக் குடும்பத்தோட பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைத் தலைமுறை தலைமுறையா பின்னாடி எடுத்துட்டுப் போகணும். இந்தியாவுல பிறந்தவரோட பிள்ளைகள் சான்றிதழ் வரைக்கும் போனா பெத்தவங்க நம்பர் அதுல கிடைக்க வாய்ப்பு அதிகம்.

நம்பர் கிடைச்சிட்டா மத்ததெல்லாம் சுலபம்: கப்பல், வந்த தேதி, அப்பா பேர், வயசு, உயரம், சாதி, ஊர், எந்தத் தோட்டம். 1860கள்ல இருந்து புகைப்படமும் எடுத்திருக்காங்க. இன்னொரு சிக்கல், இன்னைக்கு மொரீஷியஸ்காரங்க குடும்பப் பேரா வச்சிருக்கிறது பல வீட்டுல முதல்ல வந்தவரோட பேரோ அவர் அப்பா பேரோதான். அதை வச்சு இங்க சொந்தக்காரங்களைத் தேடினா ஒண்ணும் கிடைக்காது.

மண்ணடி:
பதிவேட்டில் 'மெட்ராஸ்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு நேரே மின்ட் தெருவுக்கு வந்து விசாரிக்கிறார்கள். அது பெரும்பாலும் கப்பல் ஏறிய துறை, சொந்த ஊர் அல்ல. மாவட்டம், தாலுகா, கிராமம் மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். வட ஆற்காடு என்றால் இன்னும் கவனம்: சித்தூர் 1911-ல்தான் தனி மாவட்டம் ஆனது, திருவண்ணாமலை 1989-ல் பிரிந்தது, வேலூரை 2019-ல் மூன்றாக்கினார்கள். தேடும் கிராமம் ஆந்திராவில்கூட இருக்கலாம்.

காசிமேடு:
'எங்க பாட்டன் ஏறின இடத்தைக் காட்டுங்க' என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்களும் கேட்கிறார்கள். 1860-ல் 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு இங்கிருந்து டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கிளம்பியபோது துறைமுகமே கிடையாது. கப்பல் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து அதுவரை மசூலாப் படகு. பலகையை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கித் தரையில் போடும்போது அடிப்பலகை நெளிந்து கொடுக்கும். ஆணி அடித்த படகு என்றால் அங்கேயே பிளந்துவிடும். ஆகவே துறைமுக வாசலைக் காட்டி 'இதுதான்' என்று சொல்லாதீர்கள். அந்தக் காலத்துக் கரை ராஜாஜி சாலை ஓரம். பீச் ஸ்டேஷன் பக்கம் நிறுத்திச் சொன்னால் போதும். துறைமுகத்துக்குள் பாஸ் இல்லாமல் விடமாட்டார்கள், வாசலில் கேமராவை எடுத்து வம்பில் மாட்டவும் வேண்டாம்.

அடுத்து ராயபுரம் ஸ்டேஷன். 1856-ல் வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது இங்கிருந்துதான். வட ஆற்காட்டு ஆட்கள் சிலர் இதில் வந்திருக்கலாம். பாட்டனும் இதில்தான் வந்தார் என்று மட்டும் அடித்துச் சொல்லிவிடாதீர்கள், அவர்கள் அப்படியே எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

வியாசர்பாடி:
பக்கத்துலதானேன்னு பர்மா பஜாரையும் இந்தக் கதையில சேர்த்துடாதீங்க. அது திரும்பி வந்தவங்க கதை. பர்மாவுல 1962 ராணுவ ஆட்சிக்கு அப்புறம் கடை, சொத்தெல்லாம் விட்டுட்டு வந்தவங்களுக்காக 1969-ல வந்த பஜார். கூட்டிட்டு வர்றவங்க செகண்ட் லைன் பீச் தெருவுல அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கிக் கொடுக்கணும்னா சாயங்காலமா போங்க, காலையில தள்ளுவண்டி இருக்காது.