இலங்கையில நெருக்கடி வந்த 2022ல வீடு கட்டி விக்கிறவங்க காணிய எப்படி சமாளிச்சாங்க? பார்த்தத எழுதுங்க

பண்டாரவளை பையன்:
காணிப் பத்திரம் எழுதுற நொத்தாரிஸ் ஒருத்தர்கிட்ட டைப்பிங் வேலை செஞ்சேன் அப்ப. 40 பேர்ச் காணி, அதாவது கால் ஏக்கர், வாங்குறவர் நாலு வீடு கட்டி விக்கிற ஆள், பத்துல ஒரு பங்கு அட்வான்ஸ் குடுத்து அக்ரிமென்ட் போட்டாச்சு, அதுக்குள்ள ஏப்ரல்ல மத்திய வங்கி வட்டிய ஒரே நாள்ல 7 வீதம் ஏத்திடுச்சு, சீமெந்து வேற கெடைக்கவே இல்ல. மிச்சம் கட்ட வேண்டிய அன்னைக்கு வந்தவரு "அட்வான்ஸ நீங்களே வச்சிக்கங்க ஐயா, காணி வேணாம்"னு சொல்லிட்டு குடைய எடுத்துக்கிட்டு எழும்பிட்டாரு. காணிக்கார ஐயா செருப்பு கூட போடாம வாசலுக்கு ஓடி குடையப் புடிச்சி இழுத்தாரு. கடைசில 10 பேர்ச் மட்டும் எழுதினாங்க, மத்தது ஒவ்வொரு வீடும் வித்தப்புறம், அதே வெலைக்கு. வெளிய போகக்குள்ள அந்த ஆள் என்னப் பாத்து கண்ணடிச்சான். அது இன்னும் உறுத்துது.

ஹட்டன் அக்கா:
தம்பி, நீங்க பாராட்டல, ஆனா படிக்கிறவன் இதக் கெட்டிக்காரத்தனம்னு எடுத்துக்குவான். எங்கப்பா காணிக்கும் இப்படித்தான் அட்வான்ஸ் குடுத்துட்டு ஒரு ஆள் வாங்கவும் இல்ல விடவும் இல்ல. அக்ரிமென்ட் காணிப் பதிவகத்துல பதிஞ்சிருக்கு, தேடிப் பாக்கிறவன்லாம் திரும்பிப் போறான். ஒருத்தர் சொப்பிங் பேக்ல சல்லியோட வந்து, எங்க மேசையில வச்சி, அந்தப் பதிவு கதையக் கேட்டுட்டு பேக்க திரும்ப மடியில எடுத்து வச்சிக்கிட்டாரு. அப்பா டீய குடிச்சிட்டுப் போங்கன்னாரு.

கண்டி கொன்ட்ராக்டர்:
நான் அந்த வருசம் ஒண்ணுமே வாங்கல, அவ்ளோதான் என் கதை. ஆனா அக்கா, அட்வான்ஸ் முறையே தப்புன்னு சொல்லக்கூடாது. அமெரிக்காவுல என்விஆர்னு ஒரு வீடு கட்டுற கம்பெனி 1992ல திவாலாச்சு, எழும்பி வந்தப்புறம் காணி வாங்கிக் குவிக்கிறதயே விட்டுட்டான், அட்வான்ஸ் கட்டி வச்சிட்டு தேவைப்படுறப்ப துண்டு துண்டா எடுக்கிறான், 2008ல மத்தவனெல்லாம் வாங்கி வச்ச காணியால நட்டப்பட்டப்ப இவன் அட்வான்ஸ மட்டும் விட்டுட்டு லாபம் காட்டினான். என்ன, அங்க விக்கிறவனும் பெரிய முதலாளி, இங்க பென்சன் எடுத்த வாத்தியார். அதனால விக்கிறவங்க கேட்டுக்கங்க, நொத்தாரிஸ் முன்னால எழுதாத அக்ரிமென்ட் செல்லாது, இன்ன தேதிக்குள்ள மிச்சம் கட்டாட்டி ரத்துன்னு போடுங்க, ரத்துப் பத்திரத்தையும் மறக்காம பதிங்க. வாங்குறவங்க, என்பிஆர்ஓ (தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்) குடுக்கிற மண்சரிவு ரிப்போர்ட் சரிவராட்டி அட்வான்ஸ் திரும்பணும்னு எழுதுங்க, 2025 நவம்பர் டிட்வா புயலுக்கப்புறமும் அத எழுதாம வாங்குறாங்க, சொன்னா சிரிக்கிறாங்க.

வெலிமடை:
யாரு கேட்டா இவ்ளோ அட்வைஸ்? எங்க பக்கம் காணி வெல ரூபாயில இறங்கவே இல்ல. எங்க சித்தப்பா கட்டி வித்த ஆளு, இறங்கும் இறங்கும்னு காத்திருந்தாரு, கட்டார்ல இருந்து லீவுல வந்த ஒரு பையன் அவர் பாத்து வச்ச துண்ட முழுக் காசும் குடுத்து வாங்கிட்டான். வாங்கிட்டு சித்தப்பாவுக்கே போன் பண்ணி, வீடு கட்டித் தர்றீங்களான்னு கேட்டான். கட்டிக் குடுத்தாரு, வேற வேலை இல்ல அப்ப.