கௌரிபிரசன்ன மஜும்தார்: கவிஞரா, பாடலாசிரியரா?

அகிலன்:
இன்றைய வங்கதேசத்தின் பாப்னா மாவட்டத்தில் பிறந்து, கொல்கத்தாவில் வாழ்ந்து, 1986இல் மறைந்தவர், வங்காளத் திரைப்படங்களுக்குப் பாட்டெழுதிய கௌரிபிரசன்ன மஜும்தார். உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் இணைந்து நடித்த ‘அக்னிபரீக்ஷா’ (1954), ‘ஹாரானோ சுர்’ (1957), ‘சப்தபதி’ (1961) ஆகிய படங்களின் காதலுக்குச் சொல் கொடுத்தவர் இவரே. அப்படியிருந்தும் வங்காளிகள் இவரைக் ‘கீதிகார்’, அதாவது பாடலாசிரியர், என்கிறார்களே ஒழியக் ‘கபி’, அதாவது கவிஞர், என்று சொல்லத் தயங்குகிறார்கள். இது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே கருதுகிறேன்.

செண்பகவல்லி:
அநீதி என்பதை ஏற்க இயலவில்லை. தாகூர், துவிஜேந்திரலால் ராய், ரஜனிகாந்த சென், அதுல்பிரசாத் சென், நஸ்ருல் இஸ்லாம் ஆகிய ஐவரும் பாட்டெழுதியதோடு மெட்டும் அமைத்தவர்கள். இசைத்தட்டும் பேசும்படமும் பரவிய பிறகுதான் சொல் ஒருவருக்கு, மெட்டு இன்னொருவருக்கு என்று வேலை பிரிந்தது. அந்தப் பிரிவில் பிறந்த தொழிலின் பெயரே ‘கீதிகார்’. அதில் இழிவு ஏதும் இல்லை. ‘சப்தபதி’யில் மோட்டார் சைக்கிளில் போகும் இருவரும், இந்தப் பாதை முடியாமலே போனால் எப்படியிருக்கும், நீ சொல் என்று கேட்டுக்கொள்ளும் புகழ்பெற்ற பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹேமந்த முகர்ஜியின் மெட்டையும், அவரும் சந்தியா முகர்ஜியும் பாடிய குரல்களையும் நீக்கிவிட்டுத் தாளில் படித்தால், ‘இப்படியானால்’, ‘அப்படியானால்’ என்ற இரண்டு மூன்று வரிகளே எஞ்சும்.

அகிலன்:
தாளில் படிப்பதற்காக எழுதப்படாத ஒன்றைத் தாளில் வைத்து எடை போடுவது சரியாகாது. அந்தப் பாட்டில் இருவரும் ஒருவரையொருவர் ‘நீ சொல்’ என்கிறார்கள். விடையை யாரும் சொல்வதில்லை. சொல்லிவிட்டால் பாதை முடிந்துவிடும் என்பதை உணர்ந்து எழுதியவரை வெறும் வரி நிரப்புபவராக என்னால் பார்க்க முடியவில்லை. தாளிலும் நிற்கும் சான்று வேண்டுமென்றால், மிருணாள் சென் இயக்கிய ‘நீல் ஆகாஷேர் நீச்சே’ (1959) படத்தின் ஆற்றுப் பாட்டைப் பாருங்கள். ஒரு கரையை உடைத்து மறுகரையைக் கட்டும் ஆற்றை நோக்கி, இக்கரை, அக்கரை என இரண்டையும் இழந்தவனுக்கு நீ என்ன செய்வாய் என்று கேட்கிறார். அந்தப் படத்தின் நாயகன் கொல்கத்தாத் தெருக்களில் சரக்கு விற்றுத் திரியும் சீனன் என்பதையும், ‘கூல்’ என்ற ஒலி வங்காளியின் காதில் கரையாகவும் குலமாகவும் விழும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செண்பகவல்லி:
அந்தப் பாட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் இக்கரை இடிய அக்கரை எழும் என்பது வங்காளத்தில் வழிவழியாக வழங்கும் வாக்கு. நஸ்ருலின் பாட்டொன்று அந்தச் சொற்களோடுதான் தொடங்குகிறது. கௌரிபிரசன்னர் எடுத்தாண்டிருக்கிறார், அவ்வளவே.

அகிலன்:
எடுத்தாண்டவர் அங்கேயே நிற்கவில்லையே. பழைய வாக்கு, ஆற்றின் விளையாட்டு இதுதான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறது. இவர் அந்தத் தேறுதலை ஏற்க மறுத்து, ஆற்றையே நிறுத்திக் கணக்குக் கேட்கிறார். நாடு பிளவுபட்டுப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆன அன்றைய கொல்கத்தாவில், கிழக்கிலிருந்து வீடிழந்து வந்தவர்கள் நிறைந்த திரையரங்கில், அந்தக் கேள்வி யார் நெஞ்சில் போய் இறங்கியிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

மருதன்:
இருவரும் திரைக்குள்ளேயே நிற்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். 1971இல், வங்கதேச விடுதலைத் தலைவர் முஜிபுர் ரஹ்மானைப் பற்றி, ஒரு முஜிபுரின் குரலிலிருந்து இலட்சம் முஜிபுர்களின் குரல் எழுகிறது என்ற கருத்தில் இவர் எழுதி, அம்ஷுமான் ராய் மெட்டமைத்துப் பாடிய பாட்டு, வங்கதேச விடுதலைப் போரின் பாட்டாகவே ஆகிவிட்டது. அதற்குக் கதையோ காட்சியோ துணையில்லை.

செண்பகவல்லி:
அதற்குக் காலமே காட்சியாக நின்றது, மருதன். ஆயினும் ஆற்றுப் பாட்டைப் பற்றி அகிலன் சொன்னதை மறுக்கச் சொல் இல்லை; அந்த ஒரு கேள்விக்காக அவரைக் கவிஞர் என்று ஒப்புகிறேன். மற்றபடி அவருடைய காதல் பாட்டுகள் பலவற்றில் நிலவு, தென்றல், கனவு என்று அதே பொருள்களே சுற்றிச் சுற்றி வருகின்றன என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை.

அகிலன்:
அந்தக் குறை உண்மைதான். படத்துக்குப் படம் நிலவைக் கேட்டு வாங்கியவர்களுக்கு அவர் நிலவைக் கொடுத்தார். ஆனால் 1983இல் மன்னா டே பாடிய, நண்பர்கள் கூடிப் பேசிய கொல்கத்தாக் காப்பிக்கடையைப் பற்றிய காஃபி ஹவுஸ் பாட்டில் நிலவும் இல்லை, தென்றலும் இல்லை. ஏழு நண்பர்கள், ஒரு மேசை, அவரவர் போன திசை: ஒருவர் பாரிசில், ஒருவர் டாக்காவில், ஒருவர் கல்லறையில். அந்தப் பாட்டின் கவிஞன் அமலுக்குப் புற்றுநோய். எழுதிய கௌரிபிரசன்னருக்கும் அதே நோய். கடைசிச் சரணம் முதலில் இல்லை என்றும், மெட்டமைத்த சுபர்ணகாந்தி கோஷ் வற்புறுத்தியதால், சிகிச்சைக்காகச் சென்னைக்குப் புறப்பட்ட அவர் ஹௌரா ரயில் நிலையத்தில் சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் அதை எழுதிக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். அந்த எழுவரும் இன்று இல்லை, மேசை மட்டும் இருக்கிறது, ஏழு கோப்பைகளும் காலியாக இல்லை என்று தொடங்குகிறது அந்தச் சரணம்.